அக்காவுக்காகத் தேடிய மொட்டை மாடி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பேர் மறைவாக நின்று பேச ஓர் இடம் கிடையாது. மலையில் ரிங்லெட் என்ற சிற்றூரைத் தாண்டிப் பெரிய சாலையிலிருந்து பிரிகிற மண்பாதை ஆலை வரைக்கும் போகும். அதன் இரண்டு பக்கமும் இடுப்பளவுச் செடிகள்தான். மேட்டில் நிற்கும் கங்காணிக்கு அத்தனை பெண்களின் முதுகும் தெரியும். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலில் நிற்பவர்களுக்கு எதிர்ச் சரிவில் யார் யாரோடு நின்று பேசினார்கள் என்பது தெரியும். முகம் தெரியாத தூரமென்றாலும் தலைத்துண்டின் நிறத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

அந்தச் சரிவில்தான் என் அக்கா விதவையாகிப் பல வருடம் கொழுந்து பறித்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம் முடிவதற்குள் அத்தான் போய்விட்டார். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்கிய அவர் லோரி, மழையில் ஒரு வளைவில் சறுக்கிவிட்டது. குழந்தை இல்லை. அக்கா தன் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அதே லயத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். லயத்தில் யாரும் அவளை ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை. ஆனால் கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு அவளைத் தாண்டிப் போகும். அவளும் அதைக் கவனிக்காதவள் மாதிரி அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவாள்.

எழுபதுகளின் பின்பாதியில், ஐந்தாம் பாரம் முடித்த கையோடு நான் கோலாலம்பூருக்குப் போய்விட்டேன். பெட்டாலிங் ஜெயாப் பக்கம் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மலை ஏறுவேன்.

அப்படி ஒரு பொங்கல் முடிந்து திரும்பும்போது அப்பா என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை வந்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிறவர். ஒரு நாளில் அவர் பேசுவதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பஸ் வளைவில் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அங்க கோலாலம்பூருல நல்ல ஆளுங்க இருப்பாங்கல்ல?”

“எந்த மாதிரி ஆளுங்கப்பா?”

“உங்கக்காவுக்கு.”

“அம்மாவுக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரிஞ்சா வீட்டுலயே சொல்லிருக்க மாட்டனா? அவ ஒத்துக்க மாட்டா. லயத்து ஆளுங்க என்ன சொல்லுவாங்களோன்னு பயப்படுவா. நீ பாரு, அப்புறம் பாத்துக்குவம்” என்று பையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

தொழிற்சாலையில் என் பக்கத்து இருக்கையில் வேலை செய்த பெண் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு ஒரு தம்பி. ரயில்வே பட்டறையில் பிட்டர். மனைவி நோயில் இறந்து, ஏழு வயது மகளோடு இவர் வீட்டிலேயே இருந்தார். ஒரு நாள் பசியாறும் நேரத்தில் நான் தயங்கித் தயங்கி அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, “ஏம்மா இத இத்தன நாளா சொல்லாம இருந்த?” என்றார். அந்த நிமிடத்திலிருந்து அவர் எனக்கு அக்கா இல்லை, சம்பந்தி.

பேச்சு சுலபமாக முடிந்தது. எங்கே வைத்துப் பார்ப்பது என்பதுதான் முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்தால் மண்பாதையில் கால் வைக்கும்போதே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். பிடிக்காமல் போய்விட்டால் அக்கா அந்தப் பேச்சோடுதான் வாழவேண்டும். சம்பந்தியம்மா வீட்டில் குழந்தை இருக்கிறது, மாமனார் மாமியார் இருக்கிறார்கள். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்குள் ஆண்கள் வரக்கூடாது. கோயில் மண்டபத்தில் இரண்டு குடும்பம் எதிரெதிரே உட்கார்ந்தால் பூசாரிக்கே விஷயம் புரிந்துவிடும். சாலையோரச் சாப்பாட்டுக் கடை என்றால் போகிறவன் வருகிறவன் எல்லாம் இலையை எட்டிப் பார்ப்பான்.

“மேல போயிருவமே” என்றார் சம்பந்தியம்மா. “ஆபீஸ்ல இருக்கறவங்க எல்லாம் சாயங்காலம் மொட்ட மாடிக் கடைக்குத்தான் போறாங்களாம். காத்தா இருக்குமாம். யாரும் கண்டுக்க மாட்டாங்களாம் லா.”

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் மாடி தேடிப் போனோம். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் சேர்ந்து இடம் பார்க்கப் போனது எங்கள் உறவில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

முதலில் ஒரு பெரிய ஓட்டலின் உச்சி. லிப்டில் ஏறும்போது காது அடைத்தது. மேலே உணவகமே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே ஊர் முழுக்கப் பார்க்கலாம். மேசைக்கு ஒரு மெழுகுவர்த்தி, வேறு வெளிச்சம் இல்லை. எதிரே இருந்த சம்பந்தியம்மாவின் மூக்குத்தி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பொண்ணு பார்க்க வந்து மூக்குத்தியை மட்டும் பார்த்துவிட்டா போவது? ஆளுக்கு ஒரு ஆரஞ்சுச் சாறு குடித்துவிட்டு இறங்கினோம்.

அடுத்தது ஒரு கடை வரிசையின் மேல் இருந்த மதுக்கூடம். திறந்த வெளி, வண்ண பல்புகள், ஒரு மூலையில் பாட்டுக் குழு. காற்று நன்றாக இருந்தது. ஆனால் பாட்டு நின்றால்தான் பேச முடிந்தது. பக்கத்து மேசைக்காரர் ஒருவர் எங்கள் இருவருக்கும் பீர் அனுப்பி வைத்தார். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியில் இறங்கிய வேகம் இன்னும் நினைவிருக்கிறது. கீழே வந்ததும் இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

மூன்றாவது, மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு தமிழ் முஸ்லிம் கடை. கீழே வழக்கமான கூட்டம், ரொட்டி அடிக்கிற சத்தம். பின்பக்கப் படியில் மூன்று மாடி ஏறினால் மொட்டை மாடி. பாதிக்குத் தகரக் கூரை, பாதிக்கு வானம். டியூப் லைட், பிளாஸ்டிக் மேசை விரிப்பு. மது கிடையாது. கைப்பிடிச் சுவரருகே நின்றால் ஆறும், அதற்கப்பால் ரயில் போவதும் தெரிந்தன. மாடியில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கடைக்காரர் தானே மேலே வந்து, “என்ன விசேஷம்மா?” என்று கேட்டுவிட்டு, நாங்கள் முழித்ததைப் பார்த்து, “சரி சரி, ஞாயித்துக்கெழம சாயங்காலம் அந்த மூல மேசைய யாருக்கும் குடுக்க மாட்டேன்” என்றார்.

இருந்தாலும் அக்காவைக் கேட்காமல் முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். அக்கா வேலை முடிந்து வந்து, அடுப்புக்கு விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா ரிங்லெட் கடைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளையைப் பற்றி நான் சொல்லி அனுப்பியிருந்ததை அப்பா ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தார். நான் மூன்று மாடிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சுற்றுகிற உணவகத்தைக் கேட்டதும் கோடாரியை நிறுத்திவிட்டாள்.

“சோறு திங்கிறப்ப சுத்துமா? அப்புறம் எப்படிடி எறங்கும்?”

“மெதுவாத்தான் சுத்தும்க்கா. தெரியவே தெரியாது.”

“தெரியலன்னா எதுக்கு சுத்தணும்?” என்றாள். பிறகு, “மூஞ்சி தெரியற எடமா இருக்கணும். எனக்கும் அவரு மூஞ்சி தெரியணும்ல. குடிக்கிற எடம் வேணாம். அந்த மூணாவதையே வச்சிக்க” என்றாள். விறகில் ஓங்கி ஒரு வெட்டுப் போட்டுவிட்டு, “மேகம் இருந்தா மழ வரும். கூர இருக்கற பக்கமா பாத்துக்க” என்றும் சொன்னாள். பெண் பார்க்கும் நாளைப் பற்றி அவள் பயப்படவே இல்லையா, பயத்தைத்தான் மழையாக்கிப் பேசினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் கண்ணைப் பரிசோதிக்கக் கோலாலம்பூர் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னோம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் முன்னதாகவே மாடிக்குப் போய்விட்டோம். அக்கா நீல நைலக்ஸ் சேலை கட்டியிருந்தாள். நெற்றியில் விபூதி மட்டும். கைப்பிடிச் சுவரில் கை வைத்துக் கீழே தெருவைப் பார்த்தவள், “கங்காணி மாதிரி நிக்கறனா?” என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அவர்கள் இருவர்தான் வந்தார்கள், மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும். மாப்பிள்ளை, கரிப்பிடித்த கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய ஆள் என்பது விரல்களிலேயே தெரிந்தது. தேநீர் வந்தது, முர்தபா வந்தது. அப்பா ரயிலைப் பற்றி ஏதோ கேட்டார், அவர் மழையைப் பற்றி ஏதோ சொன்னார். சம்பந்தியம்மா என் காலை மேசைக்கடியில் மிதித்துக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நேராக மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

“புள்ளய ஏன் கூட்டியாரல?”

அவர் தடுமாறிவிட்டார். “பெரியவங்க பேசற எடம்னு... வீட்டுல விட்டுட்டு வந்தேங்க.”

“அவளும் என்னப் பாக்கணும்ல?”

அவர் தேநீர்க் கோப்பையைத் திருப்பினார். “அவ அம்மாவக் கேட்டு இன்னும் அழுவறாங்க. இங்க வந்து அழுதுட்டா நீங்க என்ன நெனைப்பீங்களோன்னு பயந்துட்டேன்” என்றார்.

“அழுதா என்ன?” என்றாள் அக்கா. “நாங்கூடத்தான் அழுதேன்.”

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசத் தொடங்கினார்கள். நாங்கள் மூவரும் தட்டைப் பார்த்தபடி இருந்தோம். நான் நினைத்ததைவிட எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஏறி வந்தவர்கள் எங்கள் தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியும் அவர் மனைவியும். இரண்டு கையிலும் துணிக்கடைப் பைகள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையிலிருந்து இறங்குகிற தமிழர்கள் எல்லாரும் சேலை எடுக்க வருவது இந்தத் தெருவுக்குத்தான். சேலை எடுத்த பிறகு பசிக்கும். ஊரிலேயே ஒருவரும் வராத மாடி என்று நான் தேடிப்பிடித்த இடம் அதுதான்.

அப்பாவின் உடம்பு தானாக நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டது. ஆபீஸ் ஜன்னல் முன்னால் பத்திருபது வருடம் நின்ற பழக்கம். “அக்கா, கீழ போயிருவம்” என்று முணுமுணுத்தேன்.

“சாப்புட்டுட்டு இருக்கம்ல. எதுக்கு?” என்றாள். ஆனால் அவளும் எழுந்தாள். படிப்பக்கம் போகாமல், நேராகக் கிராணியின் மேசைக்கு நடந்தாள்.

“கும்பிடறேங்கய்யா. கும்பிடறேம்மா.”

கிராணி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். “நீ நம்ம... என்ன இந்தப் பக்கம்?”

“மாப்ள பாக்க வந்திருக்கம்யா.”

“யாருக்கு?”

“எனக்குத்தாங்க.”

அக்காவின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அது கொஞ்சமும் வளையவில்லை. கிராணி மனைவியைப் பார்த்தார். அவர் மனைவி தலையைச் சாய்த்து எங்கள் மேசையை ஒரு பார்வை பார்த்தார்.

“அந்த வெள்ளச் சட்டையா? வேல என்ன?”

“ரயில்வேல பிட்டருங்க. வந்து பாருங்கம்மா.”

சும்மா ஒரு மரியாதைக்குத்தான் அக்கா சொன்னாள். அந்த அம்மா உண்மையிலேயே எழுந்து வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். எந்த ஊர்க்காரர், குவார்ட்டர்ஸ் கிடைத்தால் எத்தனை அறை, முதல் மனைவிக்கு என்ன நோய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாங்கள் கேட்க நினைத்தும் கேட்கத் தைரியம் வராத கேள்விகள் அவை.

“குடிப்பீங்களா?”

“தீபாவளிக்கு ஒரு பீர் குடிப்பேங்க.”

“ஒண்ணா?”

அவர் யோசித்துவிட்டு, “ரெண்டுங்க” என்றார். அந்த அம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்து, “பொய் சொல்லல” என்றார்.

கடைசியில் கிராணியும் வந்து நின்றார். அப்பா பதறி எழுந்து தன் நாற்காலியை நகர்த்தினார். கிராணி அவர் தோளில் கை வைத்து அழுத்தினார்.

“உக்காருங்க. நீங்க பொண்ணு வீட்டுக்காரங்க.”

அப்பாவை அவர் அதற்கு முன் ஒருமுறையாவது ‘உக்காருங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா உட்கார்ந்தார். அப்புறம் வெகு நேரம் அவர் எதையும் தொடவில்லை.

மறுநாள் நாங்கள் மூவரும் பஸ்ஸில் திரும்பினோம். தாப்பா வரை அக்கா ஜன்னலோரமாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வளைவுகள் தொடங்கிக் குளிர் உள்ளே வந்ததும், “புள்ளயப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள். அவ்வளவுதான். வீட்டில் அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று அப்பாவும் நானும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனோம்.

தேவையே இருக்கவில்லை. கிராணியின் கெரேத்தா, அதுதான் அவருடைய கார், எங்கள் பஸ்ஸுக்கு முன்னாலேயே மலை ஏறிவிட்டது. அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

“கண்ணு நல்லாருக்குன்னாங்களா டாக்டரு?” என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான், “அம்மா, நீ வேணாம்னுடுவன்னுதான்...” என்று தொடங்கினாள்.

“நா எப்ப வேணாம்னு சொன்னேன்?” அம்மாவின் குரல் உடைந்தது. “யாராச்சும் என்னக் கேட்டீங்களா? எம்பொண்ணுக்கு மாப்ள பாத்தத கிராணியம்மா சொல்லித்தான் நாந் தெரிஞ்சுக்கணுமா? ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நா என்னன்னு வேண்டிக்கிட்டேன்னு நெனைக்கிறீங்க?”

லயத்தின் வாய்க்குப் பயந்து ஒரு நகரத்தையே சலித்து இடம் தேடினோம். லயம் அந்த விஷயத்தை இரண்டு நாளில் பேசி முடித்துவிட்டது. அக்காவே முகத்துக்கு நேரே சொன்ன செய்தியில் கிசுகிசுக்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. உண்மையில் நாங்கள் மறைத்தது ஒரே ஓர் ஆளிடம்தான். அந்த ஆள் எங்களோடு அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள். ஐந்து நாற்காலி போதும் என்று கடைக்காரரிடம் நான்தான் சொல்லியிருந்தேன். எதையாவது நினைத்து இப்போதும் எனக்கு நெஞ்சு வலிக்கிறதென்றால் அது அந்த ஐந்துதான்.

அம்மா அப்பாவோடும் அக்காவோடும் பல நாள் பேசவில்லையாம். சோறு போடுவாளாம், தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாளாம். அடுத்த மாதம் மாப்பிள்ளை மகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கே வந்தார். மண்பாதையில் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க. நானும் அன்று விடுப்பில் வந்திருந்தேன். குழந்தைக்குக் குளிரில் உதடு நீலமாகிவிட்டது. யாரோடும் பேசாமல் தன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. அக்கா அவசரப்பட்டுத் தூக்கவில்லை. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். உள்ளேயிருந்து அம்மா வந்தாள். யாரையும் பார்க்காமல், “வெந்நி வச்சிருக்கேன். புள்ளய விடுங்க” என்று கையை நீட்டினாள். குழந்தை என்ன நினைத்ததோ, அம்மாவிடம் போய்விட்டது.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. கிராணியின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து, தானே முடித்து வைத்த சம்பந்தம் போல எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தார். நாங்களும் விட்டுவிட்டோம். பாதி உண்மைதானே. முந்தின நாள் இரவு அரிசி புடைத்துக்கொண்டே அம்மா என்னிடம், அந்த மாடியில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். “அவ நல்லா சாப்புட்டாளா?” என்றாள். சாப்பிட்டாள் என்றேன்.

எண்பதுகள் முழுவதும் அக்கா ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் இருந்தாள். முதல் இரண்டு வருடம் வெக்கை தாங்காமல் சிமென்ட் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்தாள். அப்புறம் பழகிவிட்டது. அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். மூத்த மகள் முதலில் அவளை ‘மலையம்மா’ என்றுதான் கூப்பிட்டாள். ஏழெட்டு மாதமோ ஒரு வருடமோ கழிந்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமான ஒரு காலையில், இன்னொரு செருப்பைக் காணோம் என்று தேடிக்கொண்டே வெறும் ‘அம்மா’ என்று கூப்பிட்டாளாம். அக்கா திரும்பிப் பார்க்காமல், “கட்டிலுக்கடியில பாரு” என்று மட்டும் சொன்னாளாம்.